ஹோல்ராய்ட் கேட்ட அனுமதி

எங்கள் பக்கத்தில் காலை மிதித்தவரும் மன்னிப்புக் கேட்பார், மிதிபட்டவரும் கேட்பார். ஹெட்லி ஹோல்ராய்ட் மட்டும் மிதிபடுவதற்கு முன்பே கேட்டுவிடுவார். பள்ளத்தாக்குப் பேருந்தை ஆயுசு முழுக்க ஓட்டியவர். இறங்கும் பயணிகள் அவருக்கு நன்றி சொல்வதற்குள் அவர் முந்திக்கொள்வார். என் சமையலறையில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொள்ளும்போது தும்மல் வந்தால், "பெரில், ஒரு நிமிசம் கத்திரியை எடுத்துக்கறியா, தும்மிக்கலாமா?" என்று கேட்பார். நான் சிகை அலங்காரக்காரி. எத்தனையோ தலைகளைப் பார்த்துவிட்டேன். தும்மலுக்கு அனுமதி கேட்ட தலை அது ஒன்றுதான்.

அந்தத் தலையால்தான் எங்கள் தெரு வழியை இழந்தது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் அவர் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். அவரைப் பற்றி ஒருவர்கூட உருப்படியாக எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

லீட்ஸ் பக்கத்து மலைக்கிராமமான ஸ்கேல்பெக்கில் எங்கள் தெருவுக்கு பெக் ரோ என்று பெயர். ஒட்டிக்கட்டிய ஒன்பது கல்வீடுகள். முன்வாசலைத் திறந்தால் நேரே மலைச்சாலை. ஓரத்தில் நடைபாதை கிடையாது, குவாரி லாரிகள் சட்டையை உரசிக்கொண்டு போகும். அதனால் நாங்கள் எல்லோரும் பின்வாசல் ஆட்கள். பின்னால் கார்சைட் என்ற கிழவரின் மேய்ச்சல் நிலம். அதன் குறுக்கே கீழ்ச்சாலைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. மருத்துவர், மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் எல்லாம் கீழ்ச்சாலையில்தான். கடைசி வீட்டு ஆனிஸ் லம்ப்புக்கு நூற்பாலைப் பஞ்சு தின்ற நுரையீரல். மலைச்சாலையைச் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் போனால் போய்ச்சேரவே மாட்டாள். பாதை வழியாகப் போனால், நடுவில் ஒரு கல்லில் உட்கார்ந்து எழுந்து, எப்படியோ போய்விடுவாள்.

கிழவர் கார்சைட் செத்ததும் அவர் பிள்ளைகள் நிலத்தை ட்ரான்ட்டர் என்ற வெளியூர்க்காரனுக்கு விற்றார்கள். விடுமுறைக் குடில்கள் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தான். வந்த வேகத்தில் வேலி போட்டான், பாதையின் வாயில் இரும்புக் கதவு வைத்துப் பூட்டினான். கேட்கப்போன எங்களிடம், "இது உங்க நிலமா, என் நிலமா?" என்றான். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

பதில் எங்கள் வக்கீல் மிஸ் குவார்ம்பியிடம் இருந்தது. சின்னப்பெண், குரல் மட்டும் பெரிசு. என் சமையலறையில் ஒன்பது வீட்டையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"இருபது வருசம் ஒருத்தர் நிலத்து வழியா நடந்திருந்தா அந்த வழி உங்களுக்கு உரிமையாயிடும். ஆனா பூட்டை உடைச்சு நடந்திருக்கக் கூடாது, ஒளிஞ்சு மறைஞ்சு நடந்திருக்கக் கூடாது, அனுமதி வாங்கி நடந்திருக்கக் கூடாது. உங்க வழிங்கற மாதிரி நடந்திருக்கணும். அவ்வளவுதான்."

"நாங்க என்ன திருடங்களா, ஒளிஞ்சு நடக்க?" என்றாள் ஆனிஸ்.

"ரொம்ப வருசமா நடக்கறது யாரு?"

எல்லோரும் ஹெட்லியைப் பார்த்தோம். அவர் பிறந்ததே அந்தத் தெருவில். அவர் பெயரிலேயே வழக்குப் போடலாம் என்று முடிவானது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ அவரை வரிசையில் முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

"உங்களுக்கெல்லாம் ஆட்சேபணை இல்லையே?" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார்.

லீட்ஸ் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. ஹெட்லி கல்யாண சூட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். முந்தின நாள்தான் நான் முடி வெட்டிவிட்டிருந்தேன். எங்கள் பாரிஸ்டர் கேட்டதற்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாகப் போனது, வேலைக்குப் போனது, மனைவி எட்னாவின் சவப்பெட்டியை அந்த வழியாகத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிப்போனது, எல்லாம் சொன்னார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

பிறகு ட்ரான்ட்டரின் பாரிஸ்டர் எழுந்தார். சத்தமே போடாத மனிதர். தேன் தடவின குரல்.

"மிஸ்டர் ஹோல்ராய்ட், நீங்க ரொம்ப மரியாதையான மனுசர்னு கேள்விப்பட்டேன்."

"முயற்சி பண்றேன் சார்."

"கிழவர் கார்சைட்டும் நீங்களும் நல்ல பழக்கமோ?"

"ரொம்ப நல்ல மனுசர் சார். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் எட்னா செஞ்ச பழக்கேக்கும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் கொண்டுபோய்க் குடுப்பேன். எட்னா போனப்புறம் நானே செஞ்சேன். அவ்வளவு நல்லா வராது."

"கேக்கைக் குடுத்துட்டு ஏதாவது சொல்வீங்களா?"

நீதிமன்றத்தில் ஹெட்லியைத் தவிர எல்லோருக்கும் ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. மிஸ் குவார்ம்பி பேனாவைக் கீழே வைத்தாள்.

"சொல்வேன் சார். 'அடுத்த வருசமும் உங்க நிலத்து வழியா நடக்கலாங்களா'ன்னு கேப்பேன். கேக்காம எப்படி நடக்கறது?"

"அவர் என்ன சொல்வார்?"

"'போய்த்தொலை, நடந்துக்கோ'ம்பார். சிரிச்சுக்கிட்டேதான்."

"உங்களுக்கு மட்டும் கேப்பீங்களா, தெருவுக்கே சேர்த்துக் கேப்பீங்களா?"

இதற்கு ஹெட்லி நிமிர்ந்து நின்றார். பெருமையாகத்தான் நின்றார்.

"ஒன்பது வீட்டுக்கும் சேர்த்துத்தான் சார். எனக்கு மட்டும் கேட்டா சுயநலமா இருக்காதா?"

அந்த ஒரு பதிலில் முடிந்துபோனது. எங்களில் யாரும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. அவர் எங்கள் எல்லோருக்காகவும், எங்களுக்கே தெரியாமல், வருடா வருடம் கேட்டு வைத்திருந்தார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று மிஸ் குவார்ம்பி வராந்தாவில் கேட்டாள். அவர் பாவம், "மரியாதையா நடந்துக்கறதை எல்லாம் யாராவது வக்கீல்கிட்ட சொல்வாங்களாம்மா?" என்றார். பெருமையடிப்பது போல இருக்கும் என்று சொல்லாமல் விட்டாராம்.

வருடந்தோறும் கேட்டு, வருடந்தோறும் கொடுக்கப்பட்ட அனுமதி. அது அனுமதிதான், உரிமை ஆகாது என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டுக்கு லண்டன் போனோம். அங்கே மூன்று நீதிபதிகள். அதையே இன்னும் அழகான ஆங்கிலத்தில் சொன்னார்கள். லீட்ஸில் தோற்றிருந்தால் எங்கள் தெருவோடு போயிருக்கும். லண்டனில் தோற்றதால் முன்தீர்ப்பு ஆகிவிட்டது. இனி நாட்டில் எந்த மூலையில் வழித் தகராறு நடந்தாலும், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஹோல்ராய்ட் வழக்கில் என்று ஆரம்பிப்பார்.

தெருவில் யாரும் ஹெட்லியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எங்கள் ஆட்கள் கோபத்தைக் காட்டும் விதமே வேறு. பேச்சு பாதியில் நிற்கும், வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை, பிறகு கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும். ஹெட்லி கூனிக்குறுகிப் போனார். எங்கள் வீட்டு ஜன்னல்களைக் கடக்கும்போது தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு போவார். ஆனிஸ் மட்டும்தான் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"ஏம்ப்பா ஹெட்லி, வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா நீ?"

"போயிருக்கணும் ஆனிஸ்."

"இப்ப என் மருந்தை யாரு வாங்கியாருவா?"

"நான் வாங்கியாரலாமா?"

"பாரு, மறுபடியும் கேக்குது!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஹெட்லிதான் மலைச்சாலையைச் சுற்றிக்கொண்டு போய் ஆனிஸின் மருந்தை வாங்கிவந்தார். ஆனிஸுக்கு மட்டுமல்ல, ஒன்பது வீட்டுக்கும். லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி, கோட்டின் ஒரு பக்கம் எப்போதும் கல்தூசியாக இருக்கும். வாசலில் பையை வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் போய்விடுவார். முகத்தைப் பார்க்க வெட்கம். என்னிடமும் முடி வெட்டிக்கொள்ள வருவதை நிறுத்திக்கொண்டார். தாமே வெட்டிக்கொண்டார் போலிருக்கிறது, பின்னந்தலை எலி கடித்த மாதிரி இருந்தது. ஒருநாள் பொறுக்காமல் காலரைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தேன்.

அப்போதுதான் அந்தச் செய்தித்தாள் துண்டைக் காட்டினார். அடுத்த பள்ளத்தாக்கில் இபட்சன் என்ற விதவை. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியை நிலக்காரன் அடைத்துவிட்டான். வழக்கு நடக்கிறது. அந்தம்மா வருடா வருடம் பழைய நிலக்காரருக்கு முட்டை கொடுத்துக்கொண்டிருந்தாராம். ஹோல்ராய்ட் தீர்ப்புப்படி அவர் கோரிக்கை நிற்காது என்று எதிர்த்தரப்பு சொல்கிறதாம்.

"அது என் பேரு, பெரில்," என்றார். கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் கத்திரியைப் பார்த்துப் பேசினார். "எங்கப்பா பேரு. அதை வச்சு ஒரு பொம்பளை தன் புருசனோட கல்லறைக்குப் போறதைத் தடுக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க என்ன பண்ண முடியும்? சட்டம் அது."

"போய் உக்காந்தாவது பாக்கலாம்ல. என் பேரு என்ன பண்ணுதுன்னு."

தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். அதே லீட்ஸ், அதே கட்டடம். பின்வரிசையில் உட்கார்ந்தோம். நிலக்காரனின் பாரிஸ்டர் வாயைத் திறந்தால் ஹோல்ராய்ட்தான். ஹோல்ராய்டில் சொல்லப்பட்டபடி, ஹோல்ராய்டைப் பின்பற்றி, ஹோல்ராய்டுக்குக் கட்டுப்பட்டு. ஒவ்வொரு முறையும் ஹெட்லி, வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்ட பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்னால் அந்த இபட்சன் அம்மா கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் கைக்குட்டையை எடுத்தார். ஹெட்லி எழுந்துவிட்டார்.

"மன்னிக்கணும்," என்றார்.

நீதிமன்றம் திரும்பியது. நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன். பலனில்லை.

"யார் நீங்க?" என்றார் நீதிபதி.

"நான்தாங்க ஹோல்ராய்ட்."

அந்த வக்கீல்களின் முகங்களை நான் மறக்க மாட்டேன். புத்தகத்தில் சாய்வெழுத்தில் இருக்கும் ஒரு பெயருக்குக் கோட்டும் தொப்பியும் பின்னந்தலையும் இருக்கும் என்று அவர்களில் ஒருவரும் நினைத்ததில்லை.

"மிஸ்டர் ஹோல்ராய்ட்," என்றார் நீதிபதி, கொஞ்சம் மென்மையாகவே. "உங்க வழக்கை நான் பலதடவை படிச்சிருக்கேன். ஆனா அங்கேயிருந்து நீங்க பேச முடியாது."

"தெரியுங்க. அந்தம்மா முட்டைதான் குடுத்தாங்க. அவங்க எதுவும் கேக்கலை. கேட்டது நான் ஒருத்தன்தான். என் முட்டாள்தனத்தை அவங்க தலையில கட்டாதீங்க."

"மிஸ்டர் ஹோல்ராய்ட், தயவுசெய்து உட்காருங்க."

"உட்காரலாங்களா?"

நீதிமன்றமே சிரித்தது. சாட்சிக்கூண்டின் பக்கத்தில் நின்ற காவலர்கூடச் சிரித்தார். ஹெட்லியின் காதுகள் சிவந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். உட்கார்ந்தவர் அப்புறம் தலை தூக்கவே இல்லை.

தீர்ப்பு வந்த அன்று மிஸ் குவார்ம்பி நேரில் வந்தாள். ஹெட்லியை என் சமையலறைக்கு வரவழைத்து விளக்கினாள். இபட்சன் அம்மா ஜெயித்துவிட்டார். ஹோல்ராய்ட் தீர்ப்பு சரியான தீர்ப்புதான், ஆனால் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று நீதிபதி பிரித்துக்காட்டியிருந்தார். ஹோல்ராய்ட் கேட்டார், அவருக்குக் கொடுக்கப்பட்டது. இந்தப் பெண்மணி எதையும் கேட்கவில்லை, முட்டை கொடுத்தார். நன்றி காட்டுவது அனுமதி கோருவது ஆகாது.

"அந்தம்மாவுக்கு வழி கிடைச்சிருச்சு," என்றார் ஹெட்லி. மூச்சை விட்டார். சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. "அப்ப, எங்களுக்கு?"

"உங்களுக்கு உங்க தீர்ப்புதான். அது மாறலை. நிஜமாவே அனுமதி கேக்கறவங்களுக்கு மட்டும் இனிமே அது பொருந்தும்."

"இந்த நாட்டுல வருசா வருசம் கேக்கோட போய் அனுமதி கேக்கற ஆளு என்னைத் தவிர வேற யாருங்க இருக்கா?"

மிஸ் குவார்ம்பி தீர்ப்பு நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள். உண்மை அதுதான். அவர் பெயரால் வந்த சட்டம் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு அவர் ஒருவர் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

சில வருடங்களில் ட்ரான்ட்டர் நொடித்துப்போனான். ஒரு குடிலும் எழும்பவில்லை. நிலத்தை ஜோஸ்லின் என்ற பெண் வாங்கினாள். ஆடு வளர்ப்பவள், தனியாள், வாய் நிறையச் சிரிப்பு. வந்ததும் வேலியைப் பிரித்தாள். இரும்புக் கதவை எடுக்கவில்லை, ஆனால் பூட்டைத் தூக்கி எறிந்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

மிஸ் குவார்ம்பி அன்று மாலையே ஓடிவந்தாள்.

"யாரும் எதுவும் கேக்காதீங்க. அனுமதி மட்டும் வேண்டாம். நடங்க. இருபது வருசம் நடங்க. இந்தத் தடவை கணக்கு சுத்தமா இருக்கணும். அந்தப் பொண்ணுகிட்டயும் இதைச் சொல்லாதீங்க. சொன்னா அவ வக்கீல் ஒரு பலகை வைக்கச் சொல்வார், 'அனுமதியின் பேரில்'னு. எல்லாம் போச்சு."

பிறகு எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினோம்.

"குட் மார்னிங் சொல்லலாம் மிஸ்டர் ஹோல்ராய்ட்," என்றாள் அவள் பரிதாபப்பட்டு. "நன்றி சொன்னாக்கூடப் பரவாயில்லை, அதான் இபட்சன் தீர்ப்பு இருக்கே. கேக்கறது மட்டும்தான் கூடாது."

ஹெட்லி தலையாட்டினார். அவள் போனபிறகு என்னிடம் சொன்னார்: "எனக்கு என்னைத் தெரியும் பெரில். குட் மார்னிங்ல ஆரம்பிச்சா நன்றி வரும். நன்றி வந்தா பின்னாலயே 'நடக்கலாங்களா'வும் வந்துடும். நான் வாயையே திறக்கப்போறதில்லை."

திறக்கவில்லை. ஆனிஸின் மருந்துக்காக அந்தப் பாதையில் இறங்கும்போதெல்லாம் ஜோஸ்லின் தொழுவத்திலிருந்து கையை உயர்த்துவாள். "குட் மார்னிங்! குளிரு பாத்தீங்களா?" என்பாள். ஹெட்லி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி, களவாணி மாதிரி கடந்து போவார். என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். இந்தப் பக்கம் ஏறி வரும்போது முகம் சிவந்திருக்கும். ஏற்றத்தால் என்று சொல்லிக்கொள்வார். ஏற்றமெல்லாம் இல்லை. ஒரு பெண் வணக்கம் சொல்ல, பதில் சொல்லாமல் வந்த அவமானம். அவர் ஒருகாலத்தில் பேருந்துக்குக் குறுக்கே வந்த ஆட்டிடம் மன்னிப்புக் கேட்ட மனிதர்.

கிறிஸ்துமஸ் வந்தால் கை சும்மா இருக்காது. கேக் செய்துவிடுவார். செய்து முடித்ததும் சுடச்சுட என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்.

"உடனே வெட்டிரு பெரில். முழுசா இருந்தா எடுத்துக்கிட்டுப் போயிருவேன்."

நான் வெட்டுவேன். அவர் ஜன்னல் வழியாகத் தொழுவத்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு துண்டும் சாப்பிடமாட்டார்.

போன மாசிக்குளிரில் ஹெட்லி தூக்கத்திலேயே போய்விட்டார். யாரையும் தொந்தரவு செய்யாமல், அவர் வழக்கப்படி. எட்னா போன பாதையிலேயே அவர் பெட்டியையும் தூக்கிப்போனோம். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் தேநீரும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும். பெக் ரோ முழுக்க இருந்தது. ஆனிஸ் சக்கர நாற்காலியில் இருந்தாள்.

ஜோஸ்லின் வந்தாள். கறுப்பு உடை, தேய்த்துக் கழுவியும் போகாத தொழுவத்து வாசனை. கையில் ஒரு கேக். மேசையில் வைத்துவிட்டு, எங்களைச் சுற்றிப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? இவரு இத்தனை வருசமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. நான் கைகாட்டுவேன், தலையைக் குனிஞ்சுக்குவாரு. நான் அவருக்கு என்னம்மா தப்பு பண்ணேன்?"

ஒன்பது வீட்டுக்கும் பதில் தெரியும். ஆனிஸ் என்னைப் பார்த்தாள், மூச்சு வாங்க. அவளுக்கு இன்னும் மருத்துவரிடம் போகவேண்டும். எல்லோருக்கும்தான். இருபது வருடத்தில் கொஞ்சம்தான் ஓடியிருந்தது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் அழுதிருப்பாள், அதற்கப்புறம் ஒரு வக்கீலைப் பார்த்திருப்பாள்.

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றேன். "அவரு அப்படித்தான். கொஞ்சம் முசுடு."

என் நாக்கை அப்படியே பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மேசையைச் சுற்றி ஒருவரும் மறுக்கவில்லை. ஆனிஸ் கூட ஆமாம் என்று தலையாட்டினாள். ஜோஸ்லின், "ஓ, அப்படியா," என்றாள். பாவம், அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

திரும்பும்போது எங்களுக்கு முன்னால் நடந்தவள், ஆனிஸின் நாற்காலிக்காக அந்த இரும்புக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒன்பது வீட்டாரும் ஒருவர் பின் ஒருவராக அவளைக் கடந்து உள்ளே போனோம். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி போனேன்.